கதவு உடைந்தால் யாரிடம் போவது?

(தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மாநகராட்சியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதைப் பொதுக் கழிப்பறையை வைத்துத்தான் பேசப் போகிறேன். மேடைக்கு ஏற்ற விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். விடிவதற்கு முன்பே வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது.

நம் சந்தில் இருக்கும் ஒரு கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தை மாநில அரசின் வீட்டு வசதி அமைப்பான மாடா (MHADA) கட்டியிருக்கலாம், மாநகராட்சி கட்டியிருக்கலாம், எம்எல்ஏ நிதியில் வந்திருக்கலாம். தண்ணீர் மாநகராட்சியின் நீர்த்துறையிலிருந்து வர வேண்டும். மின்சாரத்துக்கு, மும்பையின் இந்தத் தீவு நகரப் பகுதியில், பஸ்ஸும் ஓட்டும் பெஸ்ட் நிறுவனம். மலத்தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் வண்டியை வரவழைக்க வார்டு ஆபீஸ். அன்றாடம் நடத்துவது ஒரு சொசைட்டி, அல்லது ஒரு தொண்டு நிறுவனம். சரி, கதவு உடைந்தால் இவர்களில் யாரிடம் போவது? மும்பையில் பல கழிப்பறைகள் பாழானது இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்தான். கட்டியவர்கள் பராமரிப்பு எங்கள் வேலை இல்லை என்பார்கள். பராமரிக்க வேண்டியவர்கள் கட்டடம் எங்களுடையது இல்லை என்பார்கள். நடுவில் நிற்பது நம் வீட்டுப் பெண்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டமே துப்புரவைக் கட்டாயக் கடமையாக வைத்திருக்கிறது. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கான 18 பணிகளைப் பட்டியல் போட்டது. பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, பொதுக் கழிப்பிடம் எல்லாம் அதில் உண்டு. ஆகவே எத்தனை கூட்டாளிகள் வந்தாலும் கடைசிப் பொறுப்பு மாநகராட்சியுடையது. கூட்டாளிகள் வரட்டும், வேண்டும். ஆனால் கழிப்பறையை நடத்தும் ஒப்பந்தத்தில் அந்தச் சந்தில் வாழ்கிறவர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு தரப்பாக இருக்க வேண்டும். நான் இன்று கேட்பது இதைத்தான்.

இதை நமக்கு முன்பே சொன்ன மனிதர் ஒருவர் உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்பு தேடி மும்பைக்கு வந்த ஜாக்கின் அற்புதம். மான்குர்டு பக்கம் ஜனதா காலனியில் இருந்தபோது அங்கே குப்பை அள்ள யாரும் வருவதில்லை. அவர் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டுபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தை நடந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனியே இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். நடைபாதைப் பெண்களின் அமைப்பான மகிளா மிலனோடும், 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனத்தோடும் சேர்ந்து, எந்த மாநகராட்சியோடு சண்டை போட்டாரோ அதனோடே உட்கார்ந்து கழிப்பறைகளைத் திட்டமிட்டார். 2000இல் மகசேசே விருது பெற்றார். சண்டையும் கூட்டுவேலையும் ஒரே ஆளால் செய்யக்கூடியவை என்பதை நம் ஊர்க்காரர் ஒருவர் இங்கேயே செய்து காட்டியிருக்கிறார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1990களின் நடுவில் உலக வங்கிக் கடனில் கழிவுநீர்த் திட்டம் ஒன்று வந்தது. அதன் ஒரு பகுதிதான் குடிசைப் பகுதித் துப்புரவுத் திட்டம். முந்தைய கழிப்பறைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. முதலில் மக்கள் கேட்க வேண்டும், அப்புறம்தான் கட்டடம். குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், பராமரிப்புக்காக முன்பணம் போட வேண்டும். கட்டும் செலவு மாநகராட்சியுடையது. மக்களைத் திரட்டுவது தொண்டு நிறுவனங்கள். கட்டி முடித்ததும் சங்கம் பொறுப்பேற்கும். குடும்பத்துக்கு மாதப் பாஸ் கொடுக்கும். அந்தப் பணத்தில் துப்புரவாளர் சம்பளம், பினாயில், விளக்கு.

பெண்களின் யோசனைகள் வரைபடத்துக்குள்ளேயே போயின. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல். சின்னப் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் உட்காரத் தனி இடம், ஏனென்றால் பெரியவர்கள் வரிசையில் பிள்ளைகளைத் தள்ளிவிடுவார்கள், அவர்கள் வெளியே சாக்கடையோரம் உட்காருவார்கள். பல இடங்களில் காவலாளி குடும்பத்தோடு தங்க மாடியில் ஓர் அறை. இரவில் ஒரு குடும்பம் மேலே இருக்கிறது என்றால் பெண்கள் தைரியமாக வருவார்கள். எந்தப் பொறியாளர் அலுவலகத்திலும் தானாகத் தோன்றியிருக்காத யோசனைகள் இவை. 2005 வாக்கில் இப்படி 300க்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டடங்கள் எழுந்துவிட்டன.

எல்லாம் நன்றாக நடந்ததா? இல்லை. வரவு குறைந்த இடங்களில் தண்ணீர், மின்சாரக் கட்டணம் சங்கத்தை அழுத்தியது. சில இடங்களில் சங்கம் நாலைந்து பேர் கைக்குப் போய்விட்டது. கணக்குக் கேட்டால் கோபம் வந்தது. மலத்தொட்டி அதைவிடக் கவலை தருவது. பாதாளச் சாக்கடையோடு இணைப்பு இல்லாத கழிப்பறையை எந்தச் சங்கம் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், அடியில் தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும். குழாய் பதிப்பது சங்கத்தால் ஆகிற காரியம் இல்லை. அது மாநகராட்சியின் வேலை. மக்களிடம் ஒப்படைத்தோம் என்று சொல்லி அதிலிருந்து நழுவ விடவே கூடாது.

கூட்டுவேலை சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதை 2020இல் இதே தாராவி பார்த்தது. ஏப்ரல் 1 அன்று முதல் கொரோனா நோயாளி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் விலகி இருப்பது எப்படி? கழிப்பறை பொது, குழாய் பொது. தாராவியைக் கவனிக்கும் மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அலுவலகம் தனியாக இறங்கியிருந்தால் முடிந்திருக்காது. இங்கேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களைக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு உடையை மாநகராட்சி கொடுத்தது. வருடக்கணக்காக நமக்குக் காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்த அதே டாக்டர் வாசலில் வந்து நின்றதும் மக்கள் கதவைத் திறந்தார்கள். அதிகாரி மட்டும் வந்திருந்தால் எத்தனை பேர் உடம்பு சூட்டை மறைத்திருப்பார்கள்! பள்ளிகளும் விளையாட்டு வளாகமும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. தொண்டு அமைப்புகள் சாப்பாடு கொடுத்தன. பொதுக் கழிப்பறைகளை ஒரு நாளில் பலமுறை மருந்தடித்துக் கழுவினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அப்போது முடிந்தது ஏன் இப்போது முடியவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லாமல், அரசு நியமித்த நிர்வாகியின் ஆட்சி நடந்தது. ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நகரத்தில் இது சின்னக் குறை இல்லை. கூட்டாளி நிறுவனம் வேலையை விட்டுவிட்டுப் போனால் மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் வேண்டும்.

இன்னொரு பதிலும் அடிக்கடி காதில் விழுகிறது: தாராவி மறுசீரமைப்பு வரப்போகிறது, புது வீட்டில் தனிக் கழிப்பறையே கிடைக்கும், அதுவரை பொறுங்கள். கட்டடம் எப்போது வரும், யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. நாளைக் காலையும் நம் பிள்ளைகள் அந்தக் கழிப்பறைக்குத்தான் போகப் போகிறார்கள்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை வார்டு ஆபீஸுக்குப் போகும்போது கெஞ்சிக்கொண்டு போகாதீர்கள். நம் கழிப்பறையின் ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தொட்டியைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், அடுத்தது எப்போது என்பதைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் சங்கத்தின் கணக்கையும் பக்கத்திலேயே ஒட்டுவோம். கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும், கூட்டம் அவர்கள் வரக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் இங்கேயே இருங்கள். மராத்தியில் எழுதிக் கொடுக்க நம் கல்லூரிப் பிள்ளைகள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.