எல்லோரும் ஒரே நேரத்தில்

நேயர்களுக்கு வணக்கம். புயலோ நிலநடுக்கமோ பெரிய மின்தடையோ, எது வந்தாலும் மறுநாள் செய்தியில் ஒரு வரி வந்துவிடும்: 'மக்கள் பீதியடைந்து குவிந்தனர்.' அந்த வரியோடு எனக்கு நெடுநாள் சண்டை. குடிநீர் வழங்கலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் விறுவிறுவென இறங்கும்போது, மறுமுனையில் குழாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் பீதியில் திறக்கவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்று கேள்விப்பட்டார்கள், இரண்டு பாத்திரம் கூடுதலாகப் பிடித்து வைக்கிறார்கள். என் வீட்டிலும் அதைத்தான் செய்வோம். அதில் என்ன பீதி?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, சாலை இவை எதுவுமே ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் என்று நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்குவார், ஒருவர் பேசும்போது பலர் பேசாமல் இருப்பார்கள் என்ற கணக்கில்தான் குழாயின் விட்டமும் கம்பியின் தடிமனும் முடிவாகின்றன. வேறு மாதிரி கட்டினால் செலவு தாங்காது. ஆபத்து வந்தால் இந்தக் கணக்கு உடைகிறது. எல்லோரும் ஒரே செய்தியைக் கேட்கிறோம், ஒரே முடிவுக்கு வருகிறோம், அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகளின் டேங்க் சராசரியாகப் பாதி நிறைந்திருக்கிறது என்று வைப்போம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் முழுதாக நிரப்பிக்கொண்டால் போதும், பெட்ரோல் பங்குகள் காலி. நாட்டில் எரிபொருள் குறையவில்லை, பங்கின் தொட்டியிலிருந்து வண்டிகளுக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் சில பங்குகள் மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் எங்கும் வரிசை. மருத்துவமனை ஊழியர்கள் வேலைக்குப் போகப் பெட்ரோல் கிடைக்காமல் திண்டாடினார்கள்.

சரி, இப்போது நான் யாரைப் பார்த்தாலும் சொல்லும் கதைக்கு வருகிறேன். அதே 2021, பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம். கடுங்குளிர். அங்கே பல வீடுகளுக்கு மின்சார ஹீட்டர்தான். எல்லோரும் போட்டார்கள், மின்தேவை எகிறியது. அதே நேரத்தில் குளிரில் எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, எரிவாயுவில் ஓடும் மின்நிலையங்கள் பல நின்றன. மின் வலையமைப்பு முழுதும் சரிந்துவிடாமல் காக்க, பிப்ரவரி 15 அதிகாலையில் பகுதி பகுதியாக மின்சாரத்தை வெட்டினார்கள். வெட்டியதில், எரிவாயுவை எடுத்து அனுப்பும் சில நிலையங்களும் மாட்டிக்கொண்டன. கரண்ட் இல்லாததால் எரிவாயு குறைந்தது, எரிவாயு குறைந்ததால் கரண்டும் குறைந்தது.

இனி என் துறை. குளிர் ஊர்களில் ஒரு பழைய அறிவுரை உண்டு: குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, இரவில் சொட்டுச் சொட்டாகத் திறந்து வை. ஒரு வீட்டுக்கு அது நல்ல அறிவுரை. ஒரு மாநகரமே சொட்ட விட்டால்? அதோடு உறைந்து வெடித்த குழாய்கள், கரண்ட் இல்லாமல் நின்ற சுத்திகரிப்பு நிலையங்கள். குழாய்களில் அழுத்தம் விழுந்தது. தயவுசெய்து சொட்ட விடாதீர்கள் என்று ஹூஸ்டன் நகர நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆஸ்டினில் ஒரு மருத்துவமனையில் தண்ணீர் அழுத்தம் போனதும் கட்டடத்தின் வெப்பமும் போனது, ஏனென்றால் பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும்.

அழுத்தம் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? எந்த ஊரின் பூமிக்கடிக் குழாயிலும் சின்னச் சின்ன ஒழுக்குகள் இருக்கும். அழுத்தம் உள்ளவரை தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனால் வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே வரும். அதனால்தான் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அறிவிப்பார்கள். டெக்ஸஸில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்ணீர் பாதிக்கப்பட்டது. கொதிக்க வை என்று சொல்லப்பட்ட பலரிடம் கொதிக்க வைக்கக் கரண்ட் இல்லை! திரும்பவும் சொல்கிறேன், இதில் யாரும் கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை. ஹீட்டர் போட்டதும் சரி, குழாயைச் சொட்ட விட்டதும் சரி. எல்லோரும் சேர்ந்து செய்ததுதான் சுமை.

இதைப் புரிந்துகொண்டு வழி தேடிய ஊர் டோக்கியோ. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று ரயில்கள் நின்றன. தலைநகர வட்டாரத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. நடந்தவர்களால் நடைபாதை நிறைந்தது, வீட்டாரை அழைத்துவர வண்டியெடுத்தவர்களால் சாலை அடைத்தது. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? செல்போன் நிறுவனங்கள் குரல் அழைப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. குறுஞ்செய்திதான் ஓரளவு போனது. அதற்குப் பிறகு, 2013 ஏப்ரலில் ஒரு உள்ளூர்ச் சட்டம் அமலுக்கு வந்தது: ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள், மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் அலுவலகத்திலேயே சேமித்து வையுங்கள். பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இவர்கள் காத்திருக்க இடமும் சோறும் தரச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் பிள்ளை பள்ளியில் நலமாக இருக்கிறது என்று தெரியாத வரை எந்த அம்மாவும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள், அதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒரே ஒரு குறுஞ்செய்தி போதும்...

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மின்சாரம் திரும்பி வரும் நேரத்தைப் பற்றி மட்டும் ஓரிரு வார்த்தை. நீண்ட மின்தடைக்குப் பிறகு கரண்ட் வந்ததும், தெருவில் உள்ள எல்லா ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். வழக்கத்தைவிட அதிகச் சுமை, உடனே மறுபடியும் போய்விடலாம். கரண்ட் போனதுமே இவற்றின் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்தது தெரிவதற்கு ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். வந்த பிறகு கொஞ்சம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடலாம். நன்றி, வணக்கம்.