விகிதமா, விலக்கா?

நேயர்களுக்கு வணக்கம். செல்வத்தைப் பகிர்ந்தளிப்பது பற்றிய விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் வரி விகிதத்தைச் சுற்றியே நடக்கிறது. பணக்காரர்களுக்கு விகிதத்தை உயர்த்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. உழைத்துச் சேர்த்ததை அரசு பறிக்கலாமா என்பது மறுதரப்பு. எந்தச் சொத்து கணக்கில் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்று இரு தரப்பாருமே அதிகம் கேட்பதில்லை.

விகிதத்துக்கு இங்கே பஞ்சம் இருந்ததே இல்லை. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் மிகைவரியோடு (வரித்தொகையின்மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து 97.75 சதவீதம். இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின்மீது 1953இல் கொண்டுவரப்பட்ட வாரிசு வரியின் உச்சமோ 85 சதவீதம் வரை போயிற்று. ஆனால், 1985இல் அவ்வரியை நீக்கிய நிதியமைச்சர் வி.பி. சிங், ஆண்டு வசூல் ஏறத்தாழ 20 கோடி ரூபாய்தான் என்றும், ஒரே சொத்துக்கு இரண்டு சட்டங்கள் இருப்பது மக்களை அலைக்கழிக்கிறது என்றும் நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னார்.

அவர் குறிப்பிட்ட இன்னொரு சட்டம் 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம். (உள்ளாட்சிகளுக்கு நாம் கட்டும் வீட்டு வரி வேறு.) 1990களில் திருத்தப்பட்டபின் அச்சட்டம் நகை, கார், நகர்ப்புற மனை, கூடுதல் வீடு போன்றவற்றை மட்டுமே கணக்கில் எடுத்தது, நிறுவனப் பங்குகளை விட்டுவிட்டது. கடைசிக் காலத்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட மதிப்புக்கு ஒரு சதவீத வரி. அதன்படி, வங்கி லாக்கரில் 40 லட்சம் ரூபாய் நகை வைத்திருந்தவர் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். 40 கோடிக்குப் பங்குகள் வைத்திருந்தவர் அவற்றுக்காக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. முதலீட்டை ஊக்குவிக்கவே இந்த விலக்கு என்றார்கள். பெருஞ்செல்வம் பங்குகளாகவே சேர்ந்துவரும் காலத்தில் இதைச் செல்வ வரி என்று அழைப்பதே எனக்குச் சற்று வேடிக்கையாகப் படுகிறது. 2013-14இல் வசூல் சுமார் ஆயிரம் கோடி. 2015இல் இதையும் நீக்கிவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இரண்டு சதவீதக் கூடுதல் மிகைவரி விதித்தார்கள். அது வருமானத்தைத் தொடுமே தவிர, விற்காமல் வைத்திருக்கும் பங்கின் மதிப்பு உயர்வைத் தொடாது.

சொத்துரிமையின் கதை தனி. 1978இல் வந்த அரசமைப்பின் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300ஏ பிரிவில் வைத்தது. 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்துகள் அனைத்தையும் பொதுநலனுக்காகப் பகிரப்பட வேண்டும் என்று அரசமைப்பின் 39(பி) பிரிவு கூறும் சமுதாய வளங்களாகக் கொள்ள முடியாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இதைச் சமத்துவத்துக்கு விழுந்த அடியாக நான் கருதவில்லை. வரி விதிக்கும் அதிகாரத்தில் அத்தீர்ப்பு கைவைக்கவில்லை.

ஆகவே, வாரிசு வரியை மீண்டும் கொண்டுவர ஒரு மசோதா வருமானால், விகிதத்தைப் பார்க்குமுன் விலக்குப் பட்டியலைத்தான் நான் புரட்டுவேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: விவசாய நிலத்தின்மீது வாரிசு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், மாநிலங்கள் இசையாதவரை நகரத்து அடுக்குமாடி வீடு வரிக்குள் வரும், அதே குடும்பத்தின் தென்னந்தோப்பு வெளியே நிற்கும்.