ஐம்பதிலேயே தொடங்கட்டும் ஓய்வு

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய கண் மருத்துவர் அவர்களே, மூன்று வாரமாகத் தினமும் போன் செய்து என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த செயலாளர் தம்பி, முன்வரிசையிலும் பின்வரிசையிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு நாற்காலி காட்டியவர் அவர்தான். உடம்பு முடியாத நிலையிலும் இன்று வந்திருக்கிறார். ஐயா, மனசு நிறைஞ்சிருக்கு.

மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இளமைக்காலம் ஏன் இவ்வளவு வெளிச்சமாக நினைவில் நிற்கிறது, ஓய்வுக்குப் பிறகு பணத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, ஓய்வு எப்போது தொடங்க வேண்டும்.

முதலாவது. வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காரணம் பெரிய ரகசியம் இல்லை. முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், முதல்முறை தனியாக ஊரைவிட்டுப் போனது எல்லாமே அந்த வருஷங்களில்தான். வேலையில் சேர்ந்த அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை என்ன நடந்தது என்று கேளுங்கள், காலையில் போனேன், இரவில் வந்தேன், அவ்வளவுதான். ஐந்து வருஷம் எங்கே போயிற்று? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. இளமை போய்விட்டதே என்று ஏங்குகிறோம், ஆனால் புதிதாக எதையும் தொட்டுப் பார்க்க நேரம் இல்லாமல் போனதுதான் நமக்கு நேர்ந்த இழப்பு என்று நினைக்கிறேன்.

என் அப்பா அடிக்கடி சொல்வார், "கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்று. சின்ன வயதில் அது வெறும் திட்டாகத்தான் காதில் விழுந்தது.

என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன். பெயர் வேண்டாம், இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி அனுமதி கொடுத்ததே அவர்தான். 2017இல் அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சின்ன வயதிலிருந்து வானத்தின் மேல் ஆசை. சேர்த்து வைத்த பணத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினார். அந்த வருஷம் சனிக்கோளின் வளையம் நன்றாக விரிந்து, சாய்ந்து, பார்க்கத் தோதாக இருந்தது. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலைதான் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவார், விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தீர்க்கவே சரியாகிவிடும். "ரிட்டயர்டு ஆனதும் பார்த்துக்கலாம்டா" என்று பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். ஏழு வருஷம். மேசை இழுப்பறைக்குள் பென்சிலால் கோடு போட்டு மிச்சமிருக்கும் மாதங்களை எண்ணினார், அந்தக் கோடுகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பரில் ஓய்வு. அன்றைக்கு ராத்திரியே எங்களை எல்லாம் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்தால் கண்ணாடி வில்லையில் பூஞ்சை. துடைத்து, மாட்டி, திருப்பி, சனியைப் பிடிப்பதற்குள் அரை மணி நேரம். பேத்திதான் முதலில் பார்த்தாள். "தாத்தா, நடுவுல ஊசி குத்தின மாதிரி இருக்கு" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். வலது கண்ணில் புரை, இடது கண்ணில் மங்கலாக ஒரு புள்ளி. "வளையம் எங்கடா?" என்று என்னைக் கேட்டார். வளையம் எங்கேயும் போகவில்லை. சனி சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது, அதில் ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை வளையம் நம் பக்கம் விளிம்பைக் காட்டி மெல்லிய கோடாகிவிடும். 2025 மார்ச்சில் அது நடந்தது. அவர் ஓய்வுபெற்ற நேரம் அதற்கு நான்கு மாதம் முன்னால். மறுபடி முழுசாக விரிவது 2032 வாக்கில். எனக்கு அப்போது அறுபத்தெட்டு என்று அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அப்புறம் யாரும் பேசவில்லை.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். புரையை அறுவை செய்து எடுத்துவிடலாம், டாக்டர் இங்கேயே இருக்கிறார். ஆனால் வயது ஏற ஏற இருட்டில் கண்மணி விரிவது குறைகிறது என்று சற்று முன் அவர் சொன்னாரே, அதற்கு என்ன செய்வது?

இந்த ஓய்வு வயதைத்தான் யார் எழுதினார்கள்? ஜெர்மனியில் பிஸ்மார்க் என்பவர் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் 1889இல் வந்த சட்டத்தில் முதியோர் ஓய்வூதிய வயது 70. 1916இல் அதை 65 ஆக்கினார்கள். அமெரிக்கா 1935இல் அதே 65ஐ எடுத்துக்கொண்டது. இதெல்லாம் மனிதர்கள் தாளில் எழுதிய எண்கள். எழுதியதை மாற்றி எழுதலாம்.

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓய்வு ஒரே நாளில் வந்து விழ வேண்டாம். ஐம்பது வயதில் வாரத்தில் ஒரு நாள் குறையட்டும், ஐம்பத்தைந்தில் இரண்டு நாள். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். சம்பளம் குறையுமே என்பீர்கள், நியாயமான கேள்வி. சுவீடனில் 1976இல் பகுதிநேர ஓய்வூதியம் கொண்டுவந்தார்கள், அறுபதைத் தாண்டியவர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டால் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை ஓய்வூதியம் ஈடுகட்டியது. பிறகு அதைக் கைவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் செய்ய முடியும் என்று காட்டினார்கள். அதை ஐம்பதிலேயே தொடங்கச் சொல்கிறேன். மீதி நான்கு நாளில் இளைஞர்களுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கட்டும், ஐந்தாம் நாள் பரண்மேல் இருப்பதை இறக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கிற ஓய்வு, கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்தான்.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார், பணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னிக்கவும். மனுவின் படிவம் வாசலில் மேசைமேல் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து அந்த அண்ணன் போட்டது, மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம்தான் வலது கண்ணுக்கு அறுவை முடிந்தது. வணக்கம்.