மாதம் பிறந்தால் வரும் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

வயதானவர்களுக்கு உதவ வேண்டும் என்றதும் நம் மனதில் முதலில் வருவது பொருள்கள்தான். போர்வை, துணி, தானிய மூட்டை, மூக்குக் கண்ணாடி. எது தேவை என்று கொடுப்பவர் முடிவு செய்கிறார், வாங்குபவர் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார். சரி, பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு தயக்கம் வரும். "அந்த வயதில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? யாராவது பிடுங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் வீணாய்ப் போகும்." அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கிராமத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. உடம்பில் தெம்பு இருக்கும் வரை உழைப்பு, அது போனபின் பிள்ளைகள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அவர்கள் அனுப்புவதுதான் வருமானம். அனுப்பும் மாதமும் உண்டு, அனுப்ப முடியாத மாதமும் உண்டு. அதனால் எதற்கும் ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மருந்துக்குக் கேட்க வேண்டும், பேருந்துக்குக் கேட்க வேண்டும், ஒரு சோப்புக் கட்டிக்கும் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டுக் கூசிப்போனவர் கொஞ்ச நாளில் கேட்காமலே இருக்கப் பழகிக்கொள்கிறார். முட்டி வலித்தாலும் வாய் திறப்பதில்லை, கண் மங்கினாலும் சொல்வதில்லை. முதுமையின் வறுமையில் என்னை மிகவும் வருத்துவது இந்த மௌனம்தான்.

இந்த இடத்தில் பணம் என்ன செய்கிறது என்று பார்க்க, மேற்குக் கென்யாவுக்குப் போகலாம். அங்கே கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை 2007-இல் தொடங்கியது. அதைப் பயன்படுத்திக்கொண்டு 'கிவ் டைரக்ட்லி' என்ற தொண்டு நிறுவனம், புல் கூரை வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்பியது. நிபந்தனை ஏதும் இல்லை. எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்வியும் இல்லை. 2011 முதல் 2013 வரை கொடுத்த பணத்தைப் பற்றி யோஹனஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷபிரோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பணம் மொத்தமாகக் கிடைத்தது, சிலருக்கு ஒன்பது மாதத் தவணையாகக் கிடைத்தது. மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் பட்டினி குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்களில் பலர் தகரக் கூரை போட்டார்கள். மது, புகையிலைச் செலவு கூடவில்லை. மன நிம்மதி கூடியது. இந்தப் பணம் எல்லா வயதினருக்கும் போனதுதான். ஆனால் அந்தக் கூரையை ஒரு முதியவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

புல் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். புல் அறுப்பது, சுமந்து வருவது, கட்டுவது, மேலே ஏறுவது எதுவுமே எழுபது வயதில் முடிகிற காரியமில்லை. ஆள் பிடிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், அவருக்கு நேரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை முந்திக்கொண்டால், ராத்திரி முழுக்க ஒழுகாத மூலையைத் தேடிப் படுக்கையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தகரம் போட்டுவிட்டால் அந்தக் கவலை பல வருடங்களுக்கு இல்லை. கூரையிலிருந்து வழியும் நீரைத் தொட்டியில் பிடித்தால் தண்ணீர் சுமக்கும் நடையும் குறையும். வெளியிலிருந்து வந்து கணக்குப் போடும் ஒருவர், உற்பத்தி தராத செலவு என்று கூரையை ஒதுக்கிவிடக்கூடும். நனையாமல் தூங்கி எழுவதன் மதிப்பு அந்தக் கூரைக்குக் கீழே படுப்பவருக்குத்தான் தெரியும்.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா? இளைஞர் என்றால் மொத்தத் தொகை ஒரு தொழில் தொடங்க உதவும். முதியவருக்கு மாதப் பணமே மேல் என்பது என் கருத்து. கூரை மாதிரி பெரிய செலவுக்கு ஒருமுறை கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் வயதானவரின் தேவைகள் சிறியவை, ஓயாதவை. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும், அடுத்த மாதமும் வாங்க வேண்டும். இன்ன தேதியில் பணம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அவர் திட்டம் போடலாம். கைமாற்று கேட்டாலும் கிடைக்கும், ஏனென்றால் எந்தத் தேதியில் திருப்பித் தருவார் என்று கொடுப்பவருக்கும் தெரியும். தொகை சிறியதாக இருந்தாலும் தேதி தவறாத பணத்துக்குத் தனி பலம் உண்டு.

மொரிஷியஸ் 1958-லேயே எல்லா முதியவர்களுக்கும் ஓய்வூதியம் என்று கொண்டுவந்தது. லெசோத்தோ போன்ற ஏழை நாடுகூட 2004-இல் எழுபது வயது நிறைந்தவர்களுக்கு மாதப் பணம் தரத் தொடங்கியது. மெக்சிகோ 2007-இல் கிராமப்புறத்தில் எழுபது வயதானவர்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்தவர்கள், பணம் பெற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்ததைக் கண்டார்கள். கூலி வேலைக்குப் போவது குறைந்து, தங்கள் குடும்பத் தொழிலில் உதவும் நேரம் கூடியிருந்தது. அவர்கள் வேலையை விட்டுவிடவில்லை, தள்ளாத உடம்போடு அடுத்தவரிடம் கூலிக்குப் போவதைத்தான் விட்டார்கள். இதைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்?

என் மனதில் அதிகமாக நிற்பது தென்னாப்பிரிக்காதான். அங்கே முதியோர் ஓய்வூதியம் 1928-இல் தொடங்கியபோது கறுப்பின மக்களுக்கு அது கிடையாது. 1944-இல் சேர்த்தார்கள், ஆனால் மிகக் குறைந்த தொகை. நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1993-இல்தான் எல்லா இனத்தவருக்கும் ஒரே தொகை ஆனது. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் ஏழை வீடுகளில், திடீரென்று பாட்டியின் கைக்கு நல்ல பணம் வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ இந்த வீடுகளின் குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தார். பாட்டிக்குப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியிருந்தது. தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. பணம் வீட்டுக்குள் வந்தால் போதாது, யார் கையில் வருகிறது என்பதும் முக்கியம் என்று நான் இதைப் படித்துத்தான் உணர்ந்தேன். எந்தக் குழந்தை மெலிந்திருக்கிறது என்று பாட்டிக்கு முன்பும் தெரிந்துதான் இருந்திருக்கும். செய்வதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

குடித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு அதிகம் நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடுவதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். விலைவாசி ஏறிவிடும் என்பது இன்னொரு பயம். கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 1,000 டாலர் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். விலை ஏறியது மிக மிகக் கொஞ்சம். பணம் வாங்காத அக்கம்பக்கத்தவருக்கும் வருமானம் கூடியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் மத்திய அரசு 1995-இல் முதியோருக்கு மாதம் 75 ரூபாயில் தொடங்கிய உதவியை 2006-இல் 200 ரூபாய் ஆக்கியது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு மத்தியப் பங்கு அதன்பின் பல ஆண்டுகள் அதே 200-தான். சில மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுப்பதால்தான் கொஞ்சம் தாங்குகிறது. விலைவாசியோடு ஏறாத உதவித்தொகை வருடா வருடம் கரைந்துகொண்டே வரும். அப்புறம், உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த விரலை, பணம் தரும் முன் கைரேகை பார்க்கும் இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. கைபேசியின் ரகசிய எண் பேரனுக்குத் தெரியும், பணத்துக்கு உரியவருக்குத் தெரியாது. பணம் வந்ததா என்று பார்க்கவே ஒரு நாள் நடை, அன்று வரவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பும் நடை. இவற்றைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் வேண்டாம். ரேகை பொருந்தாதவருக்கு மாற்று வழியும், கிராமத்துக்குள்ளேயே வந்து கொடுக்கும் ஆளும் இருந்தால் போதும்.

தென்னாப்பிரிக்காவில் 1990-களில் அப்படித்தான் செய்தார்கள். பணம் தரும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறித்த நாளில் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கே போனார்கள். வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி அன்றைக்கு ஒரு சந்தையே கூடிவிடும். மற்ற நாளில் யாரும் எதுவும் விற்க வராத ஊரில், அந்த ஒரு நாள் வியாபாரிகள் முதியவர்களைத் தேடி வந்து நின்றார்கள்.