மற்றும் பலர்

அவையில் உள்ள பெரியவர்களுக்கும், முன்வரிசையில் மெடல் அணிந்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் வணக்கம்.

வீரத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதைப் பேசத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். கல்வெட்டு படிப்பவன். அதனால் எனக்குத் தெரிந்த கல்லைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் செத்துப்போன பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று பொருள் சொல்கிறார்கள். இவன் அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. மாட்டைப் பிடிக்கப் போன இடத்திலோ, காக்கப் போன இடத்திலோ உயிரை விட்ட ஒருவன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், உளி பிடித்த யாரோ ஒருவர் அவன் பெயர், ஊர், செத்த காரணம் மூன்றையும் பாறையில் வெட்டி வைத்தார்.

இப்போது அங்கிருந்து நேராக ஈராக்குக்குப் போவோம். பஸ்ராவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் கட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். சுவரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளான சுபேதார், ஜமேதார் பெயர்களும் இருக்கின்றன. அதற்குக் கீழே இந்தியச் சிப்பாய்கள் என்று வரும்போது படைப்பிரிவின் பெயரைப் போட்டு, ‘மற்றும் இத்தனை பேர்’ என்று ஒரு எண். அவ்வளவுதான். நம் சினிமா போஸ்டரில் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று போடுவார்களே, அதே வேலை. போஸ்டராவது அடுத்த வெள்ளிக்கிழமை கிழிந்துவிடும்.

பெயர் தெரியாமலா இப்படிச் செய்தார்கள்? இல்லை. சம்பளப் பட்டியல் இருந்தது, பென்ஷன் பட்டியல் இருந்தது. சிப்பாய்களின் பெயர்களைத் தனியாகப் புத்தகத்தில் பதிவும் செய்தார்கள். சுவரில் மட்டும் இடமில்லை. ஆனால் பிரான்ஸில் நூவ் ஷபெல் என்ற ஊரில் 1927-இல் திறந்த நினைவகத்தில், அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பெயர் சொல்லித்தான் எழுதினார்கள். ஐரோப்பாவில், பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் முடிந்தது, பஸ்ராவில் முடியவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இத்தனைக்கும் 1917-இல் இந்தக் கல்லறைகளுக்காக அமைத்த அந்த ஆணையம் எடுத்த கொள்கை உண்மையிலேயே நல்ல கொள்கை. பிரபு மகனானாலும் கூலிக்காரன் மகனானாலும் ஒரே அளவுக் கல். கல்லின் அடியில் குடும்பத்தார் ஒரு வாசகம் போட்டுக்கொள்ளலாம். அதிகபட்சம் 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுத்தை எண்ணி எண்ணிக் காசு பார்த்து எழுதியிருப்பாளே என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இதில் பணக்காரன், ஏழை என்று வேறுபாடு வரும் என்று நியூசிலாந்து அந்த வாசகமே வேண்டாம் என்றுவிட்டது.

இந்த ‘ஒரே அளவு’ எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதை அந்த ஆணையமே ஒப்புக்கொள்ள 2021 ஆக வேண்டியிருந்தது. இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது அதன் அறிக்கை. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே எங்கும் இல்லை, அது மூன்றரை லட்சமாகவும் இருக்கலாம் என்றது. இதில் பெரும்பாலோர் மூட்டை சுமக்கப் பிடித்துக்கொண்டு போன ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ‘கரியாக்கூ’ என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. ‘கேரியர் கோர்’ என்ற சுமைப்படையின் பெயர் மக்கள் வாயில் மருவி வந்தது அது. ஆள் பெயர் போய்ச் சந்தைப் பெயர் மிஞ்சியது.

இந்துக்களை எரித்துவிட்டோம், கல்லறை எப்படி வைப்பது என்பார்கள். சரி, இங்கிலாந்தில் பிரைட்டன் பக்கத்தில் காயமாற வந்து இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை மலைச்சரிவில் எரித்தார்கள். அங்கே 1921-இல் ‘சத்ரி’ என்ற பளிங்கு மண்டபம் கட்டினார்கள். அந்த 53 பெயர்களைப் பக்கத்தில் ஒரு கல்லில் எழுத 2010 ஆயிற்று. எரித்த உடலுக்குக் கல்லறை இருக்காதுதான். பெயருக்கு என்ன வந்தது?

சென்னையில் இருக்கிறவர்கள் ஒரு நாள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். 1952-இல் அமைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850-க்கும் மேல் கல். வெளியே மவுண்ட் – பூந்தமல்லி ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். உள்ளே வெட்டிய புல், வரிசையாகக் கல். பெயருக்குக் கீழே வயது இருக்கும். நான் பார்த்த வரிசையில் இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. பாதி வரிசைக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

நம் கிராமங்களிலும் கல் உண்டு. பழைய பள்ளிக்கூடச் சுவரில், சாவடியில், ஒரு சின்னப் பளிங்குப் பலகை பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில். இங்கேயும் எண்தான், பெயர் கிடையாது. வெள்ளையடிக்கும்போது அதன் மேலேயே அடித்துவிடுகிறார்கள்.

வேலூர்ப் பக்கம் அப்படி ஒரு ஊரில் பலகையைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்த் திண்ணையில் ஒரு பாட்டி. “எங்க வீட்டுத் தாத்தா ஒருத்தரும் பஸ்ராவுல போனவருதான் தம்பி” என்றார். எனக்குக் கை பரபரத்தது. அந்தப் போருக்குக் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். பஸ்ரா சுவரில் இல்லாத பெயர் அந்த விளிம்பில் இருக்கும். மெடல் இருக்கிறதா பாட்டி என்று கேட்டேன்.

“இருந்துச்சு. எங்க பெரியம்மா கல்யாணத்துக்கு அதை உருக்கிக் கொலுசு பண்ணிட்டாங்க.”

தாத்தா பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே பார்த்து மருமகளைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

“பேரு யாருக்குத் தெரியும்? இந்த வீட்டைப் பட்டாளத்தார் வீடுன்னுதான் சொல்லுவாங்க. போஸ்ட்மேனுக்கும் அப்படிச் சொன்னாத்தான் தெரியும்.”