கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசிய ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றிப் பேச என்னைக் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தகரக் கூரை, புளித்த வாசம், சாயங்காலமானால் அப்பாவைக் கூப்பிட்டு வர வாசலில் நிற்கும் பிள்ளைகள். பார்க்காத தம்பி தங்கைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

‘தமிழன் குடித்தே கெட்டான்’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சரி, கடையைத் திறந்தது யார்? தென்னம்பாளையைச் சீவினால் வடிவது இனிப்பு நீர்தான். முட்டியிலேயே புளிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். வைத்திருந்து விற்க முடியாது, அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். அதனால் கடை, தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. உரிமம் கொடுத்தது வெள்ளைக்கார அரசாங்கம், இடம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். தோட்டம் தந்த சம்பளத்தில் ஒரு பங்கு தோட்டத்துக் கடையிலேயே கரைந்தது.

மூடச் சொன்னது யார்? அதே தொழிலாளிகள்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். ஆமாம், சம்பளத்தோடும் மானத்தோடும் சேர்த்து அதையும் கேட்டார்கள்! நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மாண்டார்கள்.

ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் எங்கள் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி முன்னே நின்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இளைஞர்கள் அணிவகுத்துப் பழகினார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இல் இதே பீடோங்கில், கள்ளுக்கடை முன் திரண்ட கூட்டத்தைப் போலீஸ் தாக்கியது. தொழிலாளி ஒருவர் உயிரை விட்டார். எங்கோ தூர தேசத்தில் இல்லை, நாம் சந்தைக்குப் போய்வரும் இந்த ஊரில். குடித்தவர்களைப் பற்றி இன்றும் பேசுகிறோம். மூடச் சொல்லி அடிபட்டவர்களைப் பற்றி எத்தனை வீட்டில் பேச்சு வருகிறது?

நேரம் நெருங்கிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள்.    

கள்ளுக்கடை எப்படிப் போனது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மரமேறிகளும் அருகிப் போனார்கள். ஆனால் அந்த இடத்துக்குச் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்து சேர்ந்தது. போத்தலில் அடைத்தது, கெட்டுப் போகாது. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல காலம் குரல் கொடுத்தது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் யாராவது தொண்டர் படையில் இருந்திருந்தால், பெயரையும் தோட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் பின்னால் யார் யார் என்று குறித்து வையுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிரதி கொடுங்கள். வணக்கம்.