நூல் விடும் சுண்டலுக்காக

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், நாற்காலி கிடைத்தவர்களுக்கும், கிடைக்காமல் மதில்மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும். எனக்குக் கொடுத்திருப்பது 10 நிமிடம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி வணக்கம் சொல்லி முடிக்கவே ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

'நவராத்திரிக் கொலுவுக்குப் பெருமை சேர்ப்பது படியில் நிற்கும் பொம்மையா, கையில் விழும் சுண்டலா?' இதுதான் தலைப்பு. நான் சுண்டல் அணி. ஒளிப்பானேன், விழாக் குழுவினர் அணி பிரித்தபோது நான் கேட்டது பொம்மை அணியைத்தான். அங்கே இடம் இல்லை என்றார்கள். நம்முடைய கொள்கைப் பிடிப்பு அவ்வளவுதான், நடுவர் அவர்களே. ஆனால் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். சுண்டலில் உப்பு இருக்கிறது. ஐம்பது வருடமாகத் தின்றிருக்கிறேன்.

எதிரணித் தலைவி ஒரு குத்துக் குத்தினார். 'எங்கள் வீட்டு மரப்பாச்சி என் பாட்டிக்குச் சீராக வந்தது. நாலு தலைமுறையாக நிற்கிறது. உங்கள் சுண்டல் மாலையில் தாளித்தால் மறுநாள் காலையில் நூல் விடும். நூல் விடுகிற பொருளுக்கு வாதாட ஒரு அணியா?' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். கை பழகிவிட்டதால் நானும் தட்டிவிட்டேன். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பிறகு வருகிறேன். முதலில் ஒரு சாட்சி சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது கும்பகோணத்தில். அப்போது எங்கள் தெருவில் 11 வீட்டில் கொலு. பெண் பிள்ளைகள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, குங்குமச் சிமிழுடன் வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டு வருவார்கள். பையன்களை யாரும் அழைப்பதில்லை. ஆனால் தங்கைக்குத் துணையாகப் போகலாம். அதனால் புரட்டாசி பிறந்துவிட்டால், தங்கை இல்லாத பையன்கள் தங்கை இருக்கும் பையன்களிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொள்வார்கள். எனக்குத் தங்கை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒன்பது நாளைக்குத் தங்கையாக எடுத்துக்கொண்டேன். வாடகை, என் பங்குச் சுண்டலில் பாதி.

எல்லா வீட்டிலும் ஒரே சட்டம். பாடினால்தான் சுண்டல். முதல் வீட்டில் அந்தப் பெண் அழகாகப் பாடினாள். மாமி சுண்டல் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டியில் அள்ளினார். அள்ளியவர் என்னைப் பார்த்தார். 'நீயும் ஒன்று பாடேன் கண்ணா' என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். தேசிய கீதம்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாமி விறைப்பாக நிற்கிறார். ஒரு கையில் அடுக்கு, மறு கையில் கரண்டி, கரண்டி நிறையச் சுண்டல். அந்த வீட்டுத் தாத்தா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரே குதியில் இறங்கி நின்றார். அவர் இறங்கிவிட்டார், ஊஞ்சலுக்கு அது தெரியாதல்லவா? பின்னால் போன பலகை திரும்பி வந்து அவர் முழங்காலுக்குப் பின்புறம் இடித்தது. அசையவில்லை. மறுபடி போய் மறுபடி வந்து இடித்தது. அசையவே இல்லை. தேசிய கீதத்தை முழுமையாகப் பாட 52 வினாடி. நான் ஒரு கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்துக்கொண்டே பாடியதால் கொஞ்சம் இழுத்தது. நடுவில் கரண்டியிலிருந்து ஒரு கடலை உருண்டு தரையில் விழுந்து, ஓடிப்போய்த் தாத்தாவின் கால் கட்டை விரலில் நின்றது. குனிந்து எடுக்க வழியில்லை. நாடு நின்றுகொண்டிருக்கிறது.

பின்வரிசையில் இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்த ஊஞ்சல் இடத்தை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன். தாத்தா நிற்கிறார். பலகை வருகிறது. இடிக்கிறது. நிற்கிறார். பலகை போகிறது. அது திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். நிற்கிறார்.

பாடி முடித்தேன். தாத்தா, 'பையனுக்கு இரண்டு கரண்டி போடு' என்றார்.

நடுவர் அவர்களே, ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பள்ளிக்கூடம் சொல்லித் தரும்? மீதி பத்து வீட்டிலும் அதையே பாடினேன். தெருவே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. நான்காவது வீட்டில் மூட்டுவலிப் பாட்டி ஒருவரை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நான் வாசற்படியில் கால் வைத்ததும் ஒரு மாமி பொட்டலத்தோடு ஓடி வந்தார். 'பாட்டு வேண்டாம் கண்ணா, முதலில் இதை வாங்கிக்கொள்.'

எதிரணியைக் கேட்கிறேன். அந்த முதல் வீட்டில் எத்தனை படி? எனக்கு நினைவில்லை. தசாவதாரம் இருந்ததா, கல்யாண ஊர்வலம் இருந்ததா? நினைவில்லை. என்ன சுண்டல்? வெள்ளைக் கொண்டைக்கடலை. இஞ்சியைத் தட்டிப் போட்டு, பெருங்காயம் தூக்கலாக, மேலே தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும். கேட்டவுடன் வருகிறது பாருங்கள்.

பொம்மைக்கு நான் எதிரி இல்லை. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவையும், மதுரைப் பக்கத்து விளாச்சேரியையும், பண்ருட்டிக் களிமண்ணையும், ஆந்திரத்துக் கொண்டபள்ளி மரப் பொம்மையையும் நம் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற பண்டிகை இது. மகாளய அமாவாசையன்று கலசம் வைத்து, மரப்பாச்சி ஜோடியை எடுத்து வைத்து, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, பூங்கா, குளம், ரயில் எல்லாம் போட்டால் வீடு வேறு வீடாகிவிடும். சரத் காலத்தில் வருவதால் சாரதா நவராத்திரி என்கிறார்கள். நம் கணக்கில் கார் காலம் முடிந்து கூதிர் வரப்போகும் நேரம். பிற நாடுகளில் இந்தப் பருவத்தில் இலை நிறம் மாறும். நம் ஊரில் பொழுது சாய்ந்தால் ஒரு மழை வரும், அப்போது சூடாக ஒரு பிடி சுண்டல் கையில் விழும்.

எதிரணியினர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையை மறந்துவிட்டார்கள். மனைவியோடு அமர்ந்திருக்கிறார். எதிரே என்ன பரப்பி வைத்திருக்கிறார்? அரிசி, பருப்பு, கடலை. அத்தனை தெய்வமும் மேலே இருக்க, ஒரு மளிகைக்காரருக்கு அங்கே எதற்கு இடம்? சுண்டலுக்கு அளந்து கொடுக்கத்தான்! உங்கள் படியிலேயே எங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறார் அம்மா. படி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏறுகிற படி உங்களுடையது. அளக்கிற படி எங்களுடையது.

சுண்டலுக்குக் கிழமை கணக்குக்கூட உண்டு. கிரகத்துக்கு ஒரு தானியம் என்று வைத்து, புதன்கிழமை பச்சைப்பயறு, வியாழன் குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டும் வந்துவிடும். இதைச் சொல்லி நிமிடத்தை வீணாக்க மாட்டேன். எனக்கு அந்த நூல்தான் முக்கியம்.

நூல் விடும் என்றார். ஆமாம், விடும். ஊசிப்போகும், நூல் விடும். ஊசியும் நூலும் சேர்ந்தால்தானே அம்மா, கிழிந்ததைத் தைக்க முடியும்?

கைதட்டலுக்கு நன்றி. இது வெறும் சிலேடை என்று அந்த அம்மையார் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது காதில் விழுகிறது. சரி, கணக்குக்கு வருகிறேன். முதல் நாள் இரவு ஒரு படி கடலையை ஊறப்போட்டால் காலையில் அது இரண்டு படிக்கும் மேலே பூரித்து நிற்கும். வீட்டில் இருப்பது நாலு பேர். வெந்த கடலையில் ஈரம், மேலே தேங்காய். ராத்திரிக்குள் கை மாறியாக வேண்டும். அந்தக் கவலையில்தான் ஒரு பெண் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் 'உள்ளே வாருங்கள், கொலுப் பார்த்துவிட்டுப் போங்கள்' என்கிறாள். பொம்மை நாலு தலைமுறை நிற்கும். வருடத்தில் 355 நாள் எங்கே நிற்கும்? பரணில், பெட்டிக்குள், இருட்டில். பூட்டி வைக்கக்கூடிய பொருள் யாருக்காகவும் கதவைத் திறக்காது. சுண்டலைப் பூட்டி வைத்துப் பாருங்கள், மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிட்டு நீங்கள்தான் வெளியே ஓடுவீர்கள்.

தாம்பூலத்தில் வைக்கும் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கெடாது. கெடாததால் என்ன ஆயிற்று? எங்கள் வீட்டில் கொடுத்த கிளிப்பச்சைத் துணி, தெருவைச் சுற்றி, மூன்றாம் வருடம் எங்கள் வீட்டுக்கே மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கொடுத்த சுண்டல் திரும்பி வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. வீட்டில் எழுதிக்கொண்டு வந்த தாளில் இது இல்லை.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தார். பெரிய அத்தை. 22 வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். நவராத்திரி சுமங்கலிகளின் பண்டிகை என்று அன்றைக்கு வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு அவருக்குக் கிடையாது. ஒன்பது நாளும் மாலையில் கூடத்துக்கு வர மாட்டார். வராதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பழக்கி வைத்திருந்தார்கள்.

தெருவே புகழ்ந்த எங்கள் வீட்டுச் சுண்டல் அவர் கைச் சுண்டல். பெயர் என் அம்மாவுக்குப் போயிற்று. நைவேத்தியம் என்பதால் உப்புக்கூட ருசி பார்க்க மாட்டார். கரண்டியை மூக்கருகே கொண்டுபோவார், ஆவியை முகர்வார், இன்னும் அரைச் சிட்டிகை போடுவார். நான் அடுக்கைக் கூடத்துக்கு எடுத்துப் போய், காலியானதும் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பேன். 'யார் யார் வந்திருக்கிறார்கள்? யார் பாடினார்கள்? படியில் இந்த வருடம் புதிதாக என்ன?' என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல அடுக்கைச் சாய்த்து உள்ளே பார்ப்பார். ஒன்றும் மிச்சமில்லை என்றால், விளிம்பில் ஒட்டியிருக்கும் தேங்காய்த் துருவலை ஒற்றை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். அன்றைய நவராத்திரி அவருக்கு அவ்வளவுதான்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஆரத்தி எடுத்து முடித்துவிடுவார்கள். மறுநாள் எல்லோரும் களைத்துத் தூங்கும் மதியத்தில் பொம்மைகளைச் சுற்றிக் கட்டுகிற வேலை அத்தைக்கு வரும். அப்போதுதான் அவர் கொலுவைப் பார்ப்பார். தன்னுடைய நைந்த வெள்ளைப் புடவைகளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சுற்றுவார்.

இது பொம்மை அணிக்குச் சாதகமான சாட்சி என்று என் அணித் தலைவர் முறைக்கிறார். இருக்கட்டும்.

அத்தை போய் வெகு காலம் ஆகிறது. இந்த அமாவாசையன்று என் மனைவி தகரப் பெட்டியைத் திறந்து செட்டியார் பொம்மையை வெளியே எடுத்தாள். சுற்றியிருந்த துணி மஞ்சளடித்துப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை, தாளிக்கும்போது கடுகு தெறித்தது. அவள் அதைப் பிரிக்கப் போனாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று எனக்கு.

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். பந்தலுக்குப் பின்னால் இரண்டு அண்டாவில் சுண்டல் இருக்கிறது. நேற்று இரவு கடலையை ஊறப்போட்டது நான்தான், தாளித்ததும் நான்தான், உப்பை முகர்ந்து பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். அது எப்படி வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, சீக்கிரம் சொல்லிவிடுங்கள் நடுவர் அவர்களே. தேங்காய் போட்டிருக்கிறது.